தறிக்குழி முதுகும் தீவுக் குரங்கும்

எலும்பில் பதிவது உழைப்பா, முதுமையா? புதைகுழி ஆய்வாளர்களின் பழைய கேள்விக்கு, இந்தியாவிலிருந்து கப்பலேறிய 409 குரங்குகளின் வம்சம் பதில் சொல்கிறது. பதில் நெசவாளிக்கு அவ்வளவு சாதகமாக இல்லை.

அதியன்னூரை அடுத்த பாலராமபுரத்தில் தறியின் ஓசையை வைத்தே தெருவை அடையாளம் சொல்லிவிடலாம். தரையில் வெட்டிய குழிக்குள் கால்கள். குழியின் விளிம்பே இருக்கை. மிதிபலகைகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். வலக்கை எறியும் நாடாவை இடக்கை பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். அதற்குள் முன்னால் குனிந்து அறுந்த இழையை முடிய வேண்டும். கரையில் கசவு ஏறிய ஒரு வேட்டி முடிவதற்குள் இந்தக் குனிதல் எத்தனை ஆயிரம் தடவை என்று யாரும் எண்ணியதில்லை. ஐம்பதைத் தாண்டிய நெசவாளியிடம் தொழிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், கூலிக்கு அடுத்தபடியாக வருவது இடுப்பு. பிறகு முட்டி. பிறகு கழுத்து.

திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798-1810) அரண்மனைக்குத் துணி நெய்யத் தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இரண்டு நூற்றாண்டாக அதே குழி, அதே குனிதல். நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்கள் வரை பரவிக் கிடக்கும் ரப்பர் வெட்டு, தலைச்சுமை, கயிறு திரிப்பு என்று மற்றத் தொழில்களும் உடம்பை வளைப்பவைதான். ஆகவே ஒரு கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து யாரோ ஒருவர் இந்த மண்ணைத் தோண்டி ஒரு முதுகெலும்பை எடுத்தால், "இது நெசவாளியின் முதுகு" என்று அவரால் சொல்ல முடியுமா?

முதல் தடை மண்ணே. இந்த வட்டாரத்துச் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் அமிலத்தன்மை கொண்டவை. எலும்பை வைத்துக் காப்பாற்றாமல் கரைத்துக் குடித்துவிடும். கேரளத்தில் 'நன்னங்ஙாடி' என்றும் தமிழ்நாட்டில் முதுமக்கள் தாழி என்றும் சொல்லப்படும் ஈமப் பானைகள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அவ்வப்போது தட்டுப்படுகின்றன. உள்ளே பானைச் சில்லும் இரும்புத் துண்டும் மணியும் இருக்கும். பானைக்கு உரியவரோ பெரும்பாலும் இருக்கமாட்டார்.

எலும்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பதில் எளிதல்ல. அதற்கு லண்டனில் ஒரு சாட்சி உண்டு.

லண்டனின் கிழக்குப் பகுதியான ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், ஒரு காலத்தில் அந்த ஊரின் பாலராமபுரம். பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் பட்டு நெசவாளர்கள் அங்கே தறி போட்டார்கள். அங்குள்ள கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் நிலவறை 1984 முதல் 1986 வரை தோண்டப்பட்டபோது ஏறத்தாழ ஆயிரம் பேரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் 387 பேருக்குச் சவப்பெட்டித் தகட்டில் பெயரும் வயதும் இருந்தன. தொல்நோயியல்காரர்களுக்கு, அதாவது பழைய எலும்பில் நோயைப் படிப்பவர்களுக்கு, இது லாட்டரி விழுந்த மாதிரி. எலும்பின் வயதை நிஜ வயதோடு ஒப்பிடலாம். தொழிலைக்கூட ஊர்ப் பதிவேடுகளில் தேடிப் பிடிக்கலாம்.

டோனி வால்ட்ரனும் மார்கரெட் காக்ஸும் அதைத்தான் செய்தார்கள். நெசவாளர்களின் கை மூட்டுகளில் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகமா என்று பார்த்தார்கள். 1989இல் வெளியான முடிவு: இல்லை. நெசவுக்கும் கை மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஒரு சந்தேகத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். நிலவறையில் இடம் வாங்கும் அளவுக்கு வசதி படைத்தவர்களில் எத்தனை பேர் தாமே தறியில் உட்கார்ந்தவர்கள், எத்தனை பேர் பிறரை உட்காரவைத்து வேலை வாங்கியவர்கள் என்பது தனிக் கேள்வி. தறிக்காரரும் முதலாளியும் ஒரே பெயரில் அழைக்கப்படுவது லண்டனில் மட்டும் நடப்பதல்ல.

அந்த நிலவறை இன்னொரு பாடமும் புகட்டியது. எலும்பை மட்டும் பார்த்து வயதைக் கணித்தபோது நிபுணர்கள் கிழவர்களை இளையவர்களாகவும் இளைஞர்களை முதியவர்களாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். வயதே தவறினால் தேய்மானத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது, உழைப்பையா ஆண்டுகளையா? இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் வயது துல்லியமாகத் தெரிந்த, ஒரு நாளும் கூலி வேலைக்குப் போகாத உடம்புகள் நிறைய வேண்டும். மனிதரில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். குரங்குகளில் உண்டு. அவையும் இந்தியக் குரங்குகள்.

அமெரிக்க விலங்கியல் அறிஞர் சி.ஆர். கார்ப்பென்டர் 1938இல் இந்தியாவுக்கு வந்து வட இந்தியாவின் ரீசஸ் குரங்குகளைச் சேகரித்தார். கல்கத்தாவில் கப்பலேறிய கூட்டத்தில் 409 குரங்குகள் அந்த ஆண்டின் இறுதியில் கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோவையொட்டிய கயோ சாண்டியாகோ என்ற தீவில் அவிழ்த்துவிடப்பட்டன. தீவின் பரப்பு 40 ஏக்கர்கூட இல்லை. சிறுத்தை இல்லை, நாய் இல்லை, வெளியிலிருந்து புதுக் குரங்கும் வரவில்லை. இன்று அங்கே திரியும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் அனைத்தும் அந்த 409இன் வாரிசுகள். இந்தியாவை ஒருபோதும் பார்த்திராத இந்திய வம்சாவளியினர் என்று சொல்லலாம். கரீபியன் தீவுகளுக்குக் கல்கத்தாத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளும்தான் போனார்கள். குரங்குகளுக்கு அந்தத் துன்பமில்லை; தீனி தேடி வந்தது.

1956 முதல் அங்கே கணக்கெடுப்பு ஒழுங்காக நடக்கிறது. ஒவ்வொரு குரங்குக்கும் பச்சை குத்தப்பட்ட அடையாளம். எப்போது பிறந்தது, தாய் யார், எத்தனை குட்டி ஈன்றது, எந்தக் கூட்டத்தில் இருந்தது என்பதெல்லாம் ஏட்டில் இருக்கும். இறந்தால் எலும்புகள் சுத்தம் செய்யப்பட்டு, போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் கரீபியன் பிரைமேட் ஆராய்ச்சி மையத்தில் அடுக்கப்படும். இப்படிச் சேர்ந்தவை ஆயிரக்கணக்கில். மனிதர்களுக்குக்கூட வாழ்க்கைக் குறிப்போடு இணைந்த எலும்புக்கூட்டுத் தொகுப்பு இந்த அளவுக்கு அமைவது கடினம்.

அந்த எலும்புகள் சொல்வது என்ன? ரீசஸ் குரங்கின் ஓராண்டு மனிதனுக்குக் கிட்டத்தட்ட மூன்றாண்டு. பத்து வயதைத் தாண்டியதும் முட்டியிலும் முதுகெலும்பிலும் தேய்மானம் தலைகாட்டத் தொடங்குகிறது. இருபதை நெருங்கும்போது ஏராளமாகிவிடுகிறது. எலும்பின் ஓரத்தில் முள் முளைக்கிறது. மூட்டின் பரப்பு உராய்ந்து தந்தம்போல் மினுங்குகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலான வட்டு சரிகிறது. மூட்டில் கால்சியம் படிகங்கள் படியும் நோயும் மனிதரைப் போலவே வருகிறது. முதுமையில் எலும்பின் அடர்த்தி குறைந்து முள்ளெலும்பு நசுங்குவதும் உண்டு. இவற்றைப் படம் எடுத்து, குரங்கு என்று சொல்லாமல் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினால் "பாரம் தூக்காதீர்கள்" என்று எழுதிக் கொடுப்பார்.

அந்தக் குரங்கு பாரம் தூக்கியதே இல்லை. தறியில் உட்கார்ந்ததும் இல்லை.

இங்கேதான் தொல்நோயியலுக்குச் சங்கடம். எகிப்து முதல் சிந்து வெளி வரை தோண்டியெடுத்த எலும்புகளில் தேய்மானம் தெரிந்தவுடன் "இவர் மாவரைத்தவர்", "இவர் வில்லாளி", "இவர் சுமை தூக்கியவர்" என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தொழில் பட்டியல் சுவாரசியமானது, பத்திரிகைகளுக்கும் பிடிக்கும். ஆனால் எந்தத் தொழிலும் இல்லாத குரங்குக்கு அதே தேய்மானம் வருகிறது என்றால், முதலில் கழிக்க வேண்டியது வயதை. பிறகு உடல் எடையை, பரம்பரையை, பழைய காயத்தை. எல்லாம் கழித்து மிச்சம் இருப்பதே தொழில்.

இந்த நிதானத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு நான்சி லவெல். ஆப்பிரிக்க மலைக் கொரில்லா, சமவெளிக் கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகியவற்றின் எலும்புக்கூடுகளில் காயத்தையும் நோயையும் கணக்கெடுத்து 1990இல் நூலாக வெளியிட்டவர் அவர். அதே கைகளே ஹரப்பாவின் இடுகாட்டு எலும்புகளையும் புரட்டின. ஹரப்பா மக்களின் முதுகுத் தேய்மானத்தைப் பற்றி 1994இல் அவர் எழுதிய ஆய்வில் கழுத்து எலும்புகள் கவனம் பெறுகின்றன. வயதினால் மட்டும் என்றால் இடுப்புப் பக்கம் அதிகம் எதிர்பார்க்கலாம்; கழுத்தில் ஏன்? தலையில் பாரம் சுமந்திருக்கலாம் என்ற ஊகத்தை அவர் முன்வைக்கிறார், ஊகமாகவே. சந்தைக்குத் தலைச்சுமையாக மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் போகும் எல்லைக் கிராமங்களில் இந்த ஊகத்தை யாரும் மறுக்கமாட்டார்கள்.

மனிதனுக்கு முதுகுவலி வருவது இரண்டு காலில் எழுந்து நின்றதற்குக் கட்டும் வரி என்று ஒரு பிரபலமான விளக்கம் உண்டு. ராபர்ட் ஜர்மெய்ன் ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளின் எலும்புகளை ஆராய்ந்து, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் முதுகெலும்புத் தேய்மானம் மனிதரைவிட மிகக் குறைவு என்று காட்டியபோது அந்த விளக்கம் வலுப்பெற்றது. ஆனால் நாலு காலில் நடக்கும் தீவுக் குரங்கின் முதுகு தேய்ந்து போகிறதே? அது நாளின் பெரும்பகுதி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என்பது ஒரு சமாதானம். தீனி போட்டு வளர்ப்பதால் காட்டுக் குரங்குக்கு வாய்க்காத முதுமை இதற்கு வாய்க்கிறது என்பது இன்னொன்று. உட்கார்ந்தே இருப்பது முதுகுக்கு ஆகாது என்றால், தறிக்குழி விளிம்பு மறுபடி வழக்குக்குள் வந்துவிடுகிறது.

எலும்பிலிருந்து தொழிலைப் படிப்பது மட்டுமல்ல, மனத்தைப் படிப்பதும் ஆபத்தானது. பழைய எலும்புக்கூட்டில் ஒரு கால் முறிந்து ஆறியிருந்தால், "சமூகம் அவரைப் பராமரித்திருக்கிறது, இதோ கருணையின் தொடக்கம்" என்று உடனே எழுதிவிடுவார்கள். சுவிஸ் உடற்கூறு அறிஞர் அடால்ஃப் ஷுல்ட்ஸ் 1937இல் சயாமுக்குப் போன பயணக் குழுவோடு சென்று ஏராளமான கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளைச் சேகரித்தார். கிளைக்குக் கிளை தாவும் அந்தக் குரங்குகளில் வளர்ந்தவற்றை எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குக்கு எங்காவது ஓர் எலும்பு முறிந்து ஆறியிருந்தது. கட்டுப் போட்டவர் யாருமில்லை; கஞ்சி ஊற்றியவரும் இல்லை. எலும்பு தானாகச் சேர்ந்துகொண்டது.

இதைவிட உருக்கமான சாட்சி தான்சானியாவின் கோம்பே. ஜேன் குடால் சிம்பன்சிகளோடு பழகிய அந்தக் காட்டில் 1966இல் போலியோ பரவியது. 'மெக்ரிகர்' என்று பெயரிடப்பட்ட கிழட்டு ஆணுக்கு இரண்டு காலும் செயலிழந்தன. கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. 'ஃபேபன்' என்ற இன்னொரு ஆணுக்கு ஒரு கை போயிற்று. அது கையைத் தொங்கவிட்டு, இரண்டு காலில் நடக்கப் பழகி, மேலும் பல ஆண்டுகள் கூட்டத்தில் மதிப்போடு வாழ்ந்தது. வாழைப்பழத்துக்குள் தடுப்பு மருந்து வைத்துக் கொடுத்துத்தான் நோயை நிறுத்தினார்கள். அந்தத் தடுப்பு மருந்தை உருவாக்கப் பயன்பட்டதும் குரங்கின் சிறுநீரகமே. 1950களில் இந்தியா ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்தது. 1978இல்தான் தடை வந்தது. குரங்கு கொடுத்த மருந்து குரங்குக்கே திரும்பிப் போன அபூர்வக் கணக்கு இது.

கோம்பேயில் இறந்த சிம்பன்சிகளின் எலும்புகளும் பாதுகாக்கப்பட்டன. போலியோ தாக்கியவற்றின் ஒரு பக்கக் கை எலும்பு மறுபக்கத்தைவிட மெலிந்திருப்பதை 1991இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். வாழ்ந்தபோது நோய் இன்னது என்று தெரிந்த உடம்பில், இறந்தபின் எலும்பு எப்படி இருக்கும் என்ற பாடம் அது. எங்காவது பழைய கல்லறையில் ஒரு கை மட்டும் சூம்பிய எலும்புக்கூடு கிடைத்தால் ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஊனத்தோடு பல காலம் வாழ்ந்தார் என்பது மட்டுமே பராமரிப்புக்குச் சான்றாகாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

தொற்றுநோய்களில் கதை இன்னும் சிக்கல். தமிழில் 'பறங்கிப்புண்' என்றொரு சொல் உண்டு. சித்த மருத்துவக் கடையில் 'பறங்கிப்பட்டை'யும் கிடைக்கும். பறங்கியர் கொண்டுவந்த நோய் என்ற பழி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இலங்கையில் 'பறங்கி' என்று அழைக்கப்பட்டது 'யாஸ்' என்னும் தோல், எலும்பு நோய். அதைப் பற்றி 1881இல் கின்சி என்ற ஆங்கிலேய மருத்துவ அதிகாரி தனி அறிக்கையே எழுதினார். மேகப்புண் எனப்படும் சிபிலிசின் உடன்பிறப்பு அது. ஆனால் உடலுறவால் வருவதல்ல, குழந்தைகளைத் தோல்வழி தொற்றுவது. கால் எலும்பைக் கத்தி போல வளைத்துவிடும். இந்தியா யாஸிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது.

மனிதரிடம் ஒழிந்தது குரங்கிடம் ஒழியவில்லை. ஆப்பிரிக்கப் பபூன்களில் இதே கிருமியின் நெருங்கிய உறவு வாழ்கிறது. கொரில்லா எலும்புகளில் அதன் தடயம் இருக்கலாம் என்று லவெல், ஜர்மெய்ன், கில்கோர் மூவரும் 2000இல் எழுதினார்கள். மேகப்புண்ணை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது கொலம்பஸின் கப்பலா இல்லையா என்று எலும்பு ஆய்வாளர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக வழக்காடுகிறார்கள். நோய்க் குடும்பம் கொரில்லா வரை நீளும் என்றால், யார் யாருக்குக் கொடுத்தது என்ற வழக்கில் வாதி, பிரதிவாதி இருவருக்குமே சிரமம். பறங்கியர் மேல் போட்ட பழியும் அப்படித்தான் தொங்கலில் நிற்கிறது.

தொழுநோயிலும் இப்படியொரு திருப்பம். ராஜஸ்தானின் உதயப்பூர் அருகே பாலாத்தலில், சுமார் 4,000 ஆண்டுக்கு முந்தைய ஓர் ஆணின் எலும்புக்கூட்டில் தொழுநோய்த் தடயம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கல் அடைப்புக்குள், மாட்டுச் சாணம் எரித்த சாம்பலில் அவர் புதைக்கப்பட்டிருந்தார். அந்த நோயாளியைத் தூய்மைப்படுத்தி அனுப்பினார்களா, ஒதுக்கி வைத்தார்களா என்பது எலும்பில் எழுதியிருக்கவில்லை. நூரநாட்டில் 1934இல் தொழுநோய் இல்லம் திறந்த திருவிதாங்கூரில் ஒதுக்கலின் வரலாறு அனைவருக்கும் தெரியும். மனிதனுக்கே உரிய நோய், மனிதனுக்கே உரிய பாவம் என்ற எண்ணம் அந்த ஒதுக்கலுக்குத் துணைநின்றது. 2021இல் கினி-பிசாவ், ஐவரி கோஸ்ட் காடுகளில் வாழும் சிம்பன்சிகளுக்குத் தொழுநோய் இருப்பது 'நேச்சர்' இதழில் வெளியானது. சுற்றுவட்டார மனிதரிடமிருந்து அது போனதற்கான ஆதாரம் இல்லை. சிம்பன்சிக்கு என்ன பாவம்?

தமிழ்நாட்டுக்கும் இந்தக் குரங்கு விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த மண்டையோடுகளை ஆராய்ந்து 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக அறிக்கை எழுதியவர் சாலி சூக்கர்மன். அப்போது அவருடைய வேலை லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த விலங்குகளை அறுத்துப் பார்ப்பது. இரண்டே ஆண்டில், 1932இல், குரங்குகளின் சமூக வாழ்வு பற்றிய நூலால் அவர் உலகப் புகழ் பெற்றார். குரங்கையும் ஆதிச்சநல்லூரையும் அறிந்த ஒரே கண் அது. ஆனால் அந்தக் காலத்தின் அக்கறை மண்டையை அளந்து இனம் பிரிப்பதில்தான் இருந்தது. இன்னாருக்கு எங்கே வலித்தது என்று கேட்கும் வழக்கம் பின்னால் வந்தது.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்க இந்தியாவில் எலும்பு இல்லாமல் இல்லை. புனே டெக்கான் கல்லூரியிலும் கொல்கத்தாவின் இந்திய மானிடவியல் ஆய்வகத்திலும் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒப்பிடுவதற்கான குரங்கெலும்பு மட்டும், இந்தியக் குரங்கினுடையதாக இருந்தும், உலகின் மறுகோடியில் இருக்கிறது. அந்தத் தீவையும் 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி மொட்டையடித்துவிட்டது. நிழல் குறைந்துபோனதால் சண்டைக்காரக் குரங்குகள் ஒரே நிழலில் ஒட்டி உட்காரக் கற்றுக்கொண்டன. அப்படி விட்டுக்கொடுத்தவையே அதிகம் பிழைத்தன என்று 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்தப் பேரிடர் எலும்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவை இறக்க இறக்கத் தெரியவரும்.

இங்கே நாட்டுக் குரங்கு மின்கம்பியில் அடிபட்டு இறந்தால் ஊர் கூடி மாலை போட்டு, மஞ்சள் தெளித்து அடக்கம் செய்யும். சில இடங்களில் அதற்குச் சிறு கோயிலும் எழும். தோண்டிப் பார்க்கிறேன் என்று எவராவது கிளம்பினால் அவர் எலும்புதான் முதலில் ஆய்வுக்கு வரும். தோண்டினாலும் பயனில்லை, வெட்டுக்கல் மண் தன் வேலையை முடித்திருக்கும்.

நெசவாளிக்கு இதில் நஷ்டம் ஒன்று உண்டு. தேய்மானம் முதுமையால் வருவது, குரங்குக்கும் வருகிறது என்ற வாசகம் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும்வரை எச்சரிக்கை. அதுவே மருத்துவச் சான்றிதழ் கேட்கும் மேஜைக்கு வந்தால், "இது வயசுக் கோளாறு, தொழில் நோய் அல்ல" என்று ஆகிவிடும். ஆனால் எலும்பும் வலியும் ஒன்றுக்கொன்று கணக்கு ஒப்புவிப்பதில்லை. எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரிபவர் மலை ஏறுவார். படம் சுத்தமாக இருப்பவர் படி ஏறமாட்டார். தசையும் நாரும் நரம்பும் படுகிற பாடு எலும்பில் பதிவதே இல்லை. அவை மண்ணுக்கு முதலில் போய்விடுகின்றன. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளரின் கை எலும்பு மௌனமாக இருந்ததற்குக் கை வலிக்கவில்லை என்று பொருள் கொள்ள வால்ட்ரனும் காக்ஸும் சொல்லவில்லை.

பாலராமபுரத்தில் இளையவர்கள் தறிக்கு வருவது குறைந்துகொண்டிருக்கிறது. வராததற்குச் சொல்லும் காரணங்களில் கூலிக்கு அடுத்து நிற்பது அப்பாவின் இடுப்பு. அதற்கு அவர்கள் யாரும் எக்ஸ்ரே கேட்டதில்லை.